எழுந்து நடத்தல்

இருந்த இடத்தினின்று எழுதலும், எழுந்து நாலடி நடத்தலும் யாவர்க்கும் இயல்பாய் அமைந்த செயல்கள் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். மூச்சு விடுதலைப்பற்றி எவ்வாறு நினைப்பதில்லையோ அவ்வாறே இவற்றைப்பற்றியும் நினைப்பதில்லை. விடுதி மணி ஒலித்தவுடன் போர்வையை உதறிவிட்டு ஓடும் நம்போன்ற மாணவர்க்கு, எழுதல் என்பது ஒரு தொழில், அதற்கு முறையும் பயிற்சியும் உண்டு என்று ஒருவர் கூறின் நகைப்பே உண்டாகும். சென்ற கோடை விடுமுறை வரையில் யானும் அங்ஙனம் நகைப்பவருள் ஒருவனாகவே இருந்தேன்.

என் தாயைப் பெற்ற பாட்டியார், எங்கள் பக்கத்து வழக்கின்படி அம்மாயி, இராசிபுரத்திற்கும் திருச்செங்கோட்டிற்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் வாழ்கின்றார். அவ்விடுமுறையில் அவர் கட்டிலுக்கு அருகே பாய் விரித்துப் படுத்திருந்த யான், விடியற்போதில் அவர் எழுவதை நாள்தோறும் காணும்படி நேர்ந்தது. கண் விழித்தபின் சிறிது நேரம் அசையாது கிடப்பார். பின்னர் ஒருக்களித்துத் திரும்பிக் கட்டிலின் சட்டத்தைப் பற்றி உட்காருவார். உட்கார்ந்தவர் உடனே நிற்பதில்லை. இரு கைகளையும் தொடைமேல் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, பாதி எழுந்து மறுபடியும் அமர்ந்துவிடுவார். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ நின்றுவிடுவார். நின்றபின் முதற் பத்தடியும் சுவரோடு சுவராகவே செல்லும். பின்னால் நின்று எவரேனும் அழைத்தால் கழுத்தைத் திருப்புதல் இயலாமையின் உடல் முழுவதையும் திருப்பியே பார்ப்பார். யான் ஒருநாள் கைகொடுக்கச் சென்றேன். "அவசரப்படாத கண்ணு. நான் எந்திரிச்சாலும் இந்தக் காலு எந்திரிக்க இன்னுங் கொஞ்ச நேரமாகுது" என்றார். அச்சொல் என் உள்ளத்தில் தங்கிவிட்டது.

ஊரார் இதற்குக் கூறிய காரணங்கள் இரண்டே. ஒன்று வயது, மற்றொன்று வாதம். இவ்விரண்டு சொற்களையும் கூறிவிட்டால் மேலே ஒன்றும் ஆராய வேண்டுவதில்லை என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயின் முதலைத் தேடவேண்டும் என்று வற்புறுத்தியிருப்பதை நாம் தேர்வுக்காகப் படிக்கிறோமேயன்றி, வீட்டில் ஒருவர் முடங்கிக் கிடக்கும்போது நினைப்பதில்லை. ஆகவே அந்த இறுக்கம் யாது, எதனால் உண்டாவது, அதனோடு வாழ்வது எங்ஙனம் என்று யான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன். யான் வைத்தியம் பயின்றவனல்லன், தமிழ் பயில்பவன். பிழையிருப்பின் அறிந்தோர் பொறுப்பாராக.

இரண்டு எலும்புகள் சந்திக்கும் மூட்டில் அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கின்றது. அவற்றினிடையே வண்டி அச்சுக்கு இட்ட மைபோல ஒருவகை நீர் உண்டு. குருத்தெலும்பிற்குத் தனியாக இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு மடங்கி விரியும்போது, பஞ்சு நீரைக் கக்கி மீண்டும் உறிஞ்சுவதுபோல, அம்மூட்டு நீரினின்றே அது உணவைப் பெறுகின்றது. ஆதலின் அசைவே மூட்டிற்கு உணவு என்னலாம். நெடுநேரம் அசையாதிருந்து எழும்போது மூட்டு இறுகினாற்போலத் தோன்றுவதும், சில அடி நடந்தபின் அவ்விறுக்கம் தளர்வதும் இதனாலேயாம். குருத்தெலும்பு தேய்ந்த முதியோர்க்கு இவ்விறுக்கம் பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் நீங்கிவிடும். ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீங்காமல், இரு கைகளிலும் விரல் மூட்டுக்கள் வீங்கி நோவுமாயின் அது தேய்வு அன்று. உடலின் காவற்படையே தன் மூட்டுக்களைத் தாக்குகின்ற முடக்குவாதம் என்னும் வேறு நோய். அதற்கு இக்காலத்தில் நல்ல மருந்துகள் உள்ளன. காலம் தாழ்த்தாமல் தொடங்கினால் மூட்டுக்கள் அழியாமல் காக்கலாம். ஆதலின் காலையில் எத்தனை நேரம் இறுகியிருக்கின்றது என்று கணக்கிட்டு வைத்தியரிடம் கூறுவது, நோகிறது நோகிறது என்று நூறு முறை கூறுவதினும் பயனுடையது.

எங்கள் சேலம், நாமக்கல் சமவெளியிலே தொழில்கள் பலவும் மூட்டுக்குப் பகையாகவே அமைந்துள்ளன. இளம்பிள்ளையிலும் இராசிபுரத்திலும் குழித்தறியில் அமர்ந்து பகலெல்லாம் மிதித்தோர், குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிகளுக்கு இடையே இரவெல்லாம் சிமெண்டுத் தரையில் நின்றோர், சேகோ ஆலைகளில் குந்தியிருந்து மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவும் பெண்டிர், நாமக்கல் லாரிகளில் ஆயிரம் கல் தொலைவு இருக்கையை விட்டு இறங்காது செல்லும் ஓட்டுநர் என இவர்களுள் எவரைக் கேட்டாலும் எழும்போது ஒரு முனகல் இல்லாமல் எழுவதில்லை. குந்தியிருத்தலும் தவறன்று, நிற்றலும் தவறன்று; ஒரே நிலையில் மணிக்கணக்காக இருத்தலே தவறு. அரைமணிக்கு ஒருமுறை நிலையை மாற்றுதல் முதலாளிக்கு ஒரு காசும் செலவில்லாத வைத்தியம். அதனை ஒப்புவோர் மிகச் சிலர் என்பதே வருத்தம்.

அம்மாயியும் இளமையில் பாவு ஓட்டியும் களை பறித்தும் உழைத்தவர்தாம். ஆயினும் அவர்க்கு முழங்கால் மட்டுமா நொந்தது? முதுகெலும்பு ஒரு கோல்போல விறைத்திருந்தது. கையை மடக்கிப் பின்னந்தலையைத் தொட்டுக் கூந்தலை முடிய முடியாது. என் தாயே முடித்துவிடுவார். இவை தேய்வினால் மட்டும் வருவன அல்ல என்று எங்களுள் எவர்க்கும் தோன்றவில்லை.

வைத்தியம் செய்யாமல் இருந்தோம் என்பதில்லை. ஊரில் ஒருவர் வாரந்தோறும் ஊசி போட்டார். சந்தைக்குச் சென்றவர் வாங்கி வந்த பெயரில்லாப் பொட்டலங்களில் நான்கு நிற மாத்திரைகள் இருந்தன. அவற்றை உண்டால் அன்று மாலையே அம்மாயி மானைப்போல் நடப்பார். மூன்று மாதம் கழிந்தபின் முகம் வீங்கி வயிற்றில் புண் கண்டது. உடனே நோவு போக்கும் இத்தகைய பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருத்தல் உண்டு என்றும், நோவு போக்கும் மாத்திரைகளை அளவின்றி உண்டால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும் என்றும் பின்னரே அறிந்தோம். ஸ்டீராய்டைப் பலநாள் உண்டபின் திடீரென நிறுத்துதலும் தீங்கு. வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும்.

நாட்டு மருந்துகளும் செய்தோம். தமிழ் பயில்வோனுக்கு அவற்றின் பெயர்களே ஒரு விருந்து. முடம், முடங்கு, முடக்கு என்னும் சொற்கள் யாவும் வளைந்து மடங்கிக் கிடத்தலைக் குறிப்பன. அம்முடக்கை அறுப்பது முடக்கறுத்தான். அதுவே நாவில் தேய்ந்து முடக்கத்தான் ஆயிற்று. அக்கீரையை மாவோடு அரைத்துத் தோசையாக வார்த்தல் எங்கள் வீடுகளில் இன்றும் உண்டு. கொல்லிமலைக்குச் செல்வோர் மலைமேல் கடைதோறும் குவித்திருக்கும் முடவாட்டுக்கால் கிழங்கைக் கண்டிருப்பர். பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. பழுப்பு நிற மயிர் மூடி ஆட்டின் காலைப்போலவே இருக்கும். அதன் மேற்றோலைச் சீவி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டியிட்டுக் காய்ச்சிய சாற்றைக் கொல்லிமலையில் சூடாக விற்கின்றனர். மலைக்குளிரில் அதனைப் பருகினால் இன்பமாகவே இருக்கும். மூட்டு நோயை அது நீக்கும் என்பதற்குப் போதிய சான்று இன்னும் இல்லையென்பர். என் மாமனார் மாதம் ஒருமுறை மலையேறிச் சென்று அக்கிழங்கை வாங்கி வருவார். ஓராண்டுக் காலம் அம்மாயி நாள் தவறாமல் அச்சாற்றைக் குடித்தார். எந்த நீரில் அதனைக் காய்ச்சினோம் என்று அப்பொழுது ஒருவரும் எண்ணவில்லை.

இறுதியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த வைத்தியர் முழங்காலைத் தொட்டுப் பார்க்குமுன், "எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று வினவினார். பின்னர் அம்மாயியை விடுத்து என் தாயை நோக்கி, வாய் திறந்து பற்களைக் காட்டும்படி கேட்டார். என் தாய் நகைக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வார். யாங்கள் அதனை நாணம் என்றே கருதியிருந்தோம். அவர் முன்பற்களில் குறுக்கே ஓடும் பழுப்புக் கோடுகளை அன்றுதான் யான் உற்று நோக்கினேன். தாய்க்குப் பல்லிலும், பாட்டிக்கு எலும்பிலும் இருந்தது ஒரே நோய்தான். அதன் முதல் எங்கள் ஊர் நீரில் இருந்த புளோரைடு.

அம்மாயியின் பல் வெண்மையாக இருக்க என் தாயின் பல் மட்டும் கறைப்பட்டது ஏன் என்று கேட்டேன். பல்லின் மேற்பூச்சு ஈறுக்குள் உருவாகும் இளம் பருவத்தில், ஏறக்குறைய எட்டு வயது வரையில், இந்நீரைக் குடித்தாலன்றிப் பல்லில் கறை படியாது. அம்மாயி அவ்வூருக்கு மணமகளாய் வந்தவர். அவர் பற்கள் வேற்றூரிலேயே உருவாகிவிட்டன. என் தாயோ அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர். எலும்பிற்கு அத்தகைய வயது வரம்பு இல்லை. எந்த வயதினராயினும் ஆண்டுக்கணக்காகக் குடித்தால் அது சேர்ந்துகொண்டே இருக்கும். உடலில் தங்கும் புளோரைடில் ஏறக்குறைய முழுவதும் எலும்பிலும் பல்லிலுமே தங்குகின்றது.

இது பாறையினின்று வருவது. எங்கள் நிலத்தின் அடியில் கிடப்பன மிகப் பழமையான நைஸ், கருங்கல், சார்னகைட் என்னும் பாறைகள். (சேர்வராயன் மலையே சார்னகைட்டால் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இவ்வகைக் கல் இருந்தமையால் அப்பெயர் பெற்றது. அக்கல்லறைக் கல் சென்னைப் பக்கத்தினின்று சென்றதென்பர்.) இப்பாறைகளில் உள்ள கறுப்பு அப்பிரகம், ஹார்ன்பிளெண்டு, அபடைட் முதலிய தாதுக்களில் புளோரைடு உண்டு. மழை குறைந்து, வெயில் மிகுந்து, நீர் பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்குமிடத்து அது கரைந்து நீரோடு கலக்கின்றது. நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் புளோரைடு அதனோடு கூடிப் படிந்துவிடும். சுண்ணாம்பு குறைந்த மென்னீரிலேயே அது மிகுதியாகத் தங்கும். ஈண்டு ஒரு கொடிய வஞ்சனை உள்ளது. எங்கள் ஊரார் கிணறுகளை உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என இரண்டாகப் பிரித்து, நாவிற்கு இனியதையே குடிப்பர். புளோரைடிற்கோ நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையுமில்லை. நல்ல தண்ணீர் என்று நாவு தேர்ந்த கிணறே நஞ்சுடையதாய் இருத்தல் கூடும்.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 1.5 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5 தான். 3 முதல் 6 வரை உள்ள நீரைப் பல்லாண்டு குடித்தால் எலும்பு நோய் தோன்றக்கூடும். 10 ஐக் கடந்தால் ஆளையே முடமாக்கும். வெயிலில் உழைப்போர் மிகுதியாக நீர் குடிப்பதனால் எங்கள் பக்கம் போன்ற வெப்ப நாடுகளில் குறைந்த அளவும் தீங்கு செய்யும். எலும்பில் புகுந்த புளோரைடு அதனைக் கனக்கச் செய்கின்றது. ஆயின் கனத்த அவ்வெலும்பு உறுதியுடையதன்று, எளிதில் முறிவது. அன்றியும் எலும்புகளைப் பிணிக்கும் நார்களிலும் சுண்ணாம்பு படிந்து அவையும் எலும்பாகத் தொடங்குகின்றன. முன்னங்கையின் இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள மெல்லிய சவ்வு சுண்ணமேறி எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தோன்றுதல் இந்நோயின் சிறப்பான அடையாளம். அம்மாயியின் படத்தில் அதனை வைத்தியர் விரலால் சுட்டிக் காட்டினார். இறுதி நிலையில் முதுகெலும்பின் உள்வழி குறுகி நரம்புகளை நெருக்குதலும், கால்கள் செயலறுதலும் உண்டு.

நம் மாகாணத்தில் இது புதியதன்று. கிண்டியில் உள்ள கிங் நிலையத்தின் தலைவராயிருந்த ஷார்ட் என்பாரும் அவருடைய துணைவரும், அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர்ப் பகுதியில், இளமையிலேயே விறைத்துக் கூனிய உழவர்களை ஆராய்ந்து, அது புளோரைடினால் வந்ததென்று 1937 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே டென்மார்க்கில் ரோஹோம் என்பவர் கிரையோலைட் என்னும் தாதுவின் தூசியில் உழைத்த கோபன்ஹேகன் தொழிலாளரின் விறைத்த எலும்புகளைப்பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். நெல்லூர் உழவரும் கோபன்ஹேகன் தொழிலாளரும் ஒரே பொருளால் முடங்கினர் என்பது எண்ணத்தக்கது. 1973 இல் ஐதராபாத்து ஆராய்ச்சியாளர் நல்கொண்டாப் பக்கத்து இளைஞரின் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்ட வளைந்திருப்பதையும் இதனோடு தொடர்புபடுத்தினர். பழைய சேலம் ஜில்லாவில் 1965 வரை அடங்கியிருந்த தருமபுரிப் பக்கமே தமிழ் நாட்டில் இந்நோய்க்குப் பெயர்பெற்றது. அங்கும் கிருஷ்ணகிரியிலும் காவிரி நீரைக் கொண்டு செல்லும் பொருட்டு, ஜப்பானியக் கடனுதவியோடு, 2008 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் என்னும் சொல் இடம்பெற்றிருக்கின்றது. 2013 முதல் நீர் வழங்கப்பெற்றது. ஒரு நோயின் பெயரைத் தாங்கிய குடிநீர்த் திட்டம் அரிதேயாகும்.

வீட்டிற்குத் திரும்பி, குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் எங்கள் கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் கொடுத்துச் சோதித்தோம். இரண்டும் வரம்பைக் கடந்திருந்தன. அப்போதுதான் முடவாட்டுக்கால் சாறு நினைவிற்கு வந்தது. நோய்க்கு மருந்தென்று கொண்ட கிழங்கை நோயின் முதலாகிய நீரிலேயே காய்ச்சியிருந்தோம். காய்ச்சினால் நீர் வற்றுமேயன்றிப் புளோரைடு போகாது, ஆதலின் எஞ்சிய நீரில் அதன் செறிவு ஏறும். அன்பினால் செய்த அச்செயலை நினைத்து என் மாமனார் அன்று உணவு கொள்ளவில்லை. அம்மாயி மட்டும், "தெரியாம செஞ்சதுக்கு யாரு என்ன பண்றது?" என்று கூறி, அவருக்குத் தம் கையாலேயே சோறு போட்டார்.

எலும்பில் ஒருமுறை ஊன்றிய இந்நோயை முற்றும் நீக்கும் மருந்து இல்லை. நீரை மாற்றினால் மேலும் வளராது நிற்கும். நோவும் ஓரளவு குறையும். காவிரிக் குழாய்நீர், கூரையினின்று சேர்த்த மழைநீர் ஆகியவற்றில் புளோரைடு மிகக் குறைவு. வீடுதோறும் மழைநீர் சேமிப்பு அமைக்கவேண்டும் என்று 2003 இல் சட்டம் வந்தும், பல இடங்களில் அது வரிக்காகக் கட்டிய குழியாகவே நின்றுவிட்டது. சுண்ணாம்பும் படிகாரமும் அளவாகச் சேர்த்துக் கலக்கித் தெளியவைக்கும் நல்கொண்டா முறை, அலுமினா வடிகலம், ஆர்.ஓ. கருவி என்பனவும் உள்ளன. குளிக்கவும் துவைக்கவும் பழைய நீரே போதும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மாற்றினால் போதியது. பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்கனி ஆகியவை துணை செய்வன. கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. தேயிலையில் புளோரைடு மிகுதி. தறிக்கூடங்களில் இரவு முழுதும் உறக்கம் நீங்கக் குடிக்கும் கருந்தேநீரை இந்நோயாளர் குறைத்தல் நன்று.

இந்நோய் தமக்குண்டோ என்று ஐயுறுவோர் வீட்டிலேயே செய்து பார்க்கும் மூன்று சோதனைகளை அவ்வைத்தியர் கற்பித்தார். முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுதல். மோவாயினால் மார்பைத் தொடுதல். கைகளைப் பக்கவாட்டில் நீட்டிப் பின் மடக்கித் தலையின் பின்புறத்தைத் தொடுதல். இவை இயலாவிடில் நோய் உண்டென்றே துணிதல் கூடாது. வைத்தியரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு அறிகுறி.

இனி எழுகின்ற முறை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பயின்ற ஓர் அம்மையார் இதனை அம்மாயிக்கு ஒரு பாடம்போலவே கற்பித்தார். விழித்தவுடன் எழ முயலாது, படுத்தபடியே கணுக்கால்களைப் பத்துமுறை மேலும் கீழும் அசைத்து, முழங்கால்களை மாறி மாறி மடக்கி நீட்ட வேண்டும். கிடந்தவாறே நேராக எழாமல், ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டே கையூன்றி உட்கார வேண்டும். நிற்குமுன் கட்டிலின் விளிம்பிற்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்பு, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்படி முன்சாய்ந்து, கைகளால் கட்டிலை அழுத்தி எழ வேண்டும். அம்மாயி இதுகாறும் நிமிர்ந்தபடியே எழ முயன்றதனால்தான் மும்முறை அமர நேர்ந்தது. முன்சாய்ந்தால் உடலின் பாரம் பாதத்தின்மேல் வந்துவிடுகின்றது. எழுதல் பாதி முடிந்துவிடுகின்றது. எழுந்தபின் உடனே நடவாது, தலைசுற்றல் இல்லையென்று காணும்வரை ஒரு கணம் நிற்றலும் வேண்டும். தரையினின்று எழ நேரின், ஒருபுறம் திரும்பி, நாற்காற் பிராணிபோல் கையும் முழங்காலும் ஊன்றி, உறுதியான நாற்காலியைப் பற்றி, வலிய காலை முன்வைத்து எழுதல் எளிது.

கட்டில் தாழ்ந்திருந்தால் எழுதல் கடினம். என் மாமனார் வேப்பமரத் துண்டுகளில் குழி செதுக்கிக் கட்டிற்கால்களை அவற்றின்மேல் நிறுத்தினார். நான்கு விரல் உயர்வே. அந்நான்கு விரலினால் உண்டான பயன் நான்கு மாத ஊசியால் உண்டாகவில்லை. குந்தும் மலக்கூடத்தில் நடுவே துளையிட்ட நாற்காலி ஒன்றை வைத்தோம்.

ஊன்றுகோல் கொள்ள அம்மாயி முதலில் நாணினார். பின் இணங்கினாலும் நோகின்ற வலக்காலின் பக்கத்துக் கையிலேயே பிடித்தார். எவரும் அங்ஙனமே செய்வர். ஆயின் அது தவறு. நோகும் காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் கோலைப் பிடித்து, நோகும் காலும் கோலும் ஒருங்கே முன்செல்ல நடத்தல் வேண்டும். இயல்பாக நடக்கும்போதும் வலக்காலோடு இடக்கைதானே வீசுகின்றது! கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டின் மடிப்பு எத்துணை உயரத்தில் இருக்குமோ அத்துணையே கோலின் உயரம். படியேறும்போது நல்ல கால் முன்னும், இறங்கும்போது நோகும் கால் முன்னும் செல்க. கோலின் அடியில் இரப்பர்க் குப்பி இன்றியமையாதது. இந்நோயாளரின் எலும்பு எளிதில் முறிவதாதலின் ஒரு வழுக்கலும் பெருங்கேடாகும். முதுகை நெட்டி முறித்து எடுப்பேன் என்பாரிடம் இவர்களை விடுதல் ஒருபோதும் தகாது.

பயிற்சி ஒன்றே ஒன்று கூறுவேன். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேரே நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்கி, மறுகாலுக்கும் அவ்வாறே செய்தல். தொடையின் முன்தசை வலுத்தால் முழங்காலின் சுமை குறையும். பருத்த உடலினர் ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகின்றது என்று கணக்கிட்டிருக்கின்றனர். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கால்மணி நேரம் இறுகிய மூட்டில் வைத்தலும் இதமானது. நீரிழிவினால் கால் மரத்தவர்க்கு மட்டும் சூட்டைப் பிறர் தொட்டுப் பார்த்தே வைக்க வேண்டும். மூட்டு சிவந்து சூடேறிக் காய்ச்சலும் வந்தால், அல்லது கால்கள் வலுவிழந்தாலோ சிறுநீர் அடங்காது போனாலோ, ஒருநாளும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்க.

வேதாகமத்தில் பதினெட்டு ஆண்டு நிமிரக் கூடாமற் கூனியிருந்த ஒரு பெண்ணைப்பற்றிப் படிக்கும்போதெல்லாம், அவள் அப்பதினெட்டு ஆண்டும் காலையில் எங்ஙனம் எழுந்தாள் என்று இப்பொழுது யான் நினைக்கின்றேன். அம்மாயி நிமிரவில்லை, கழுத்தும் திரும்பவில்லை. ஆயினும் ஒரே முறையில் எழுகின்றார்.

எங்கள் ஊர்த் தெருமுனையில் காவிரிக் குழாய் சில நாட்களுக்கு ஒருமுறை விடியற்காலத்தில் வருகின்றது. வீட்டில் என் மாமன் மகள், நான்கு வயதினள், உள்ளாள். அவளுக்குப் பால்பற்கள்தாம் இருக்கின்றன, நிலைப்பற்கள் இன்னும் ஈறுக்குள்ளேயே உருவாகின்றன. குழாய் வரும் நாளில் வீட்டாருள் முதலில் எழுபவர் அம்மாயியே. குடத்தைத் தூக்க அவரால் ஆகாது. இடக்கையில் கோலை ஊன்றி, நாற்பது அடி தொலைவிற்கு இரண்டு முறை நின்று, குழாயருகே சென்று, அங்குள்ள கல்லின்மேல் அமராமலே, எழுந்திருக்க நேரமாகும் என்பதனால், நின்றபடி வரிசையில் எங்கள் குடத்தைக் காத்துக்கொண்டிருப்பார்.